மனுஷனுக்கு விசா வேண்டாம்... பைக்குக்கு பெர்மிட் வேணும்! - தமிழ்நாடு நம்பர் பிளேட்டுடன் ஒரு நேபாளப் பயணம்

உத்தரப்பிரதேசத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது சுனௌலி. கோரக்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இங்கே இந்தியா ஒரு கடைத்தெருவின் நடுவில் முடிகிறது. ஒரு நுழைவு வளைவு, கொஞ்சம் தள்ளி இன்னொரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் நேபாளத்தின் பெலஹியா.

காலை நேரத்தில் அங்கே நின்று வேடிக்கை பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா நேபாளத்துக்குள் நடந்து போகிறார். ஸ்கூல் பையோடு இரண்டு பிள்ளைகள் இந்தியாவுக்குள் வருகிறார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் கல்யாண வீட்டுக்கு ஒரு குடும்பமே போகிறது. யாரும் பாஸ்போர்ட்டை நீட்டவில்லை. இந்தியாவும் நேபாளமும் 1950-ல் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, இரு நாட்டு மக்களும் விசா இல்லாமல் போய் வருகிறார்கள். போலீஸுக்கு சந்தேகம் வந்தால் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

அதே வளைவுக்குக் கீழே 'டி.என்.' என்று ஆரம்பிக்கும் நம்பர் பிளேட்டோடு ஒரு பைக் வந்தால், விசில் பறக்கிறது. ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்கள். முதல் கேள்வி நம்மைப் பற்றியதல்ல. "வண்டிக்கு பன்ஸார் போட்டாச்சா?"

பைக் அங்கே ஒரு சரக்கு!

பன்ஸார் என்றால் நேபாளியில் சுங்கம். சுங்க அலுவலகத்தில் நாள் கணக்குக்குப் பணம் கட்டி வாங்கும் சீட்டுக்கும் அதே பெயர்தான். எத்தனை நாள் தங்கப்போகிறோமோ அத்தனை நாளுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். காரைவிட டூவீலருக்குக் கட்டணம் குறைவு. நாங்கள் போனபோது இருந்த விதிப்படி, ஒரு இந்திய வண்டி ஒரு வருடத்தில் மொத்தம் 30 நாள்களுக்கு மேல் நேபாளத்தில் இருக்கக் கூடாது. சீட்டில் உள்ள தேதியைத் தாண்டினால் அபராதம்.

நாம் சும்மா நடந்து போகலாம், நம் பைக்குக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? காரணம் எளிமையானது. நேபாளம் வாகனங்களை வெளிநாட்டிலிருந்துதான் பெருமளவில் வாங்குகிறது. சுங்க வரி, கலால் வரி, மதிப்புக்கூட்டு வரி என்று ஒவ்வொன்றாக ஏறி, நம் ஊரில் விற்கும் அதே பைக் அங்கே வெகு அதிக விலைக்குப் போகிறது. சுற்றுலா என்று சொல்லி உள்ளே வந்து, பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பிவிட்டால்? அரசுக்கு வரி போச்சு. அதனால் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு என் பைக் பயண வாகனம் அல்ல, வரி கட்டாமல் உள்ளே வந்திருக்கும் சரக்கு. 'இதை விற்க மாட்டேன், திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன்' என்று நாம் கொடுக்கும் வாக்குக்கு ஆதாரம்தான் அந்தச் சீட்டு.

நேபாளம் மட்டுமல்ல, உலகின் பல எல்லைகளிலும் வெளிநாட்டுப் பதிவெண் வண்டிக்கு இதே கணக்குதான். சீட்டின் பெயரும் அதன் விலையும்தான் மாறும்.

அப்பா பெயரில் ஆர்.சி.

நாங்கள் இரண்டு பேர், இரண்டு பைக். என்னுடையது சென்னை வண்டி, ஆர்.சி. என் பெயரில். கல்லூரி நண்பனுடையது டி.என். 45, திருச்சி வண்டி. ஆர்.சி. அவன் அப்பா பெயரில். நம் வீடுகளில் இது சகஜம்தானே? அப்பா வாங்கின வண்டியை மகன் ஓட்டுவான். உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லையில் கேட்பார்கள்.

இதை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டதால், அவன் அப்பாவிடம் கையெழுத்து போட்ட ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வந்திருந்தான். 'என் மகன் இந்த வண்டியை நேபாளத்துக்கு எடுத்துச் செல்ல எனக்கு முழுச் சம்மதம்' என்று வண்டி எண், இன்ஜின் எண் எல்லாம் போட்ட கடிதம். கூடவே அப்பாவின் அடையாள அட்டை நகல். பெலஹியா சுங்க அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தரும் ஏஜென்ட் ஒருவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா வண்டியா? பத்திரமா திருப்பிக் கொண்டு போய்க் கொடுங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ஆர்.சி., டிரைவிங் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வாக்காளர் அட்டை. எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்து, 12 நாளுக்குப் பணம் கட்டி, போக்குவரத்து அனுமதிச் சீட்டையும் வாங்கி வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

தேதி பார்க்க தினசரி காலண்டர்!

சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதி. அங்கேதான் குழப்பம். நேபாள அரசு ஆவணங்களில் விக்ரம் சம்வத் ஆண்டுதான். நம் ஆண்டைவிட 56, 57 வருடம் முன்னால் ஓடுவது. நாங்கள் போனது 2024 நவம்பர். சீட்டில் இருந்த ஆண்டு 2081. எண்கள் தேவநாகரியில். மாதம், கார்த்திக்.

கார்த்திக் என்றதும் நம் கார்த்திகை என்று நினைத்துவிடக் கூடாது. நம்மைப் போலவே நேபாளத்திலும் சூரியனை வைத்துத்தான் மாதக் கணக்கு. ஏப்ரல் நடுவில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. ஆனால், நம் சித்திரைக்கு அங்கே பெயர் வைசாக். அப்படியே எண்ணிக்கொண்டு போனால், நம் ஐப்பசிதான் அவர்களின் கார்த்திக். மாதப் பெயர் ஒன்று தள்ளியிருக்கிறதே தவிர, தேதி பெரும்பாலும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. போனில் இருந்த தமிழ் காலண்டர் ஆப்பைத் திறந்து பார்த்தோம். சீட்டில் கார்த்திக் 20 என்றால், ஐப்பசி 20-ஐ ஒட்டித்தான் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இமயமலை அடிவாரத்தில் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. இருந்தாலும் ஏஜென்ட்டிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டு, சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.

கடிகாரத்தையும் மாற்ற வேண்டும். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால்.

ஜெர்மனி தம்பதியின் கனத்த புத்தகம்

நாங்கள் காத்திருந்தபோது ஜெர்மனி பதிவெண் கொண்ட பெரிய பைக்கில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வாகா எல்லையில் இந்தியாவுக்குள் வந்து, இப்போது நேபாளம் போகிறார்கள். அவர்கள் கையில் எங்களைப் போல ஒற்றைச் சீட்டு இல்லை. ஒரு புத்தகம் இருந்தது. பெயர், கார்னே.

பைக்கின் பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். வாகனங்களைத் தற்காலிகமாக வரியில்லாமல் எல்லை தாண்ட விடுவதற்காக 1954-ல் நியூயார்க்கில் ஐ.நா. ஏற்பாட்டில் உருவான சுங்க உடன்படிக்கையின் கீழ் வரும் ஆவணம். ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது ஒன்றைச் சுங்கத்தில் கிழித்துக்கொள்வார்கள். வெளியேறும்போது இன்னொன்று. மூன்றாவது அடிக்கட்டை நம்மிடமே தங்கும். அதில் நுழைந்த முத்திரை, வெளியேறிய முத்திரை இரண்டும் இருக்க வேண்டும்.

இதை வாங்க, வண்டியின் மதிப்பை வைத்துக் கணக்கிட்டு வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுக்க வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால், வண்டி அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி அந்த நாடு வரியைக் கேட்கும். புத்தகம் கொடுத்த சங்கம் அதை நம் உத்தரவாதத் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வண்டி திருடு போனாலும், விபத்தில் நொறுங்கினாலும் சுங்கத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை போகும் ரைடர்கள் மும்பையில் இருக்கும் மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்புகளில் இந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள்.

"இந்தியப் பக்கம் முத்திரை போட்டாங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா புத்தகத்தைத் திறந்து காட்டினார். முத்திரை போடும் அதிகாரி வரும் வரை இரண்டு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "இது இல்லாமல் ஒரு அடி நகர மாட்டோம்" என்றார். இந்திய வண்டிகளுக்கு நேபாளத்தில் கார்னே தேவையில்லை. நமக்கு ஒற்றைச் சீட்டு போதும். அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள்.

வரி தள்ளுபடி சொல்லும் தூண்

பெலஹியாவிலிருந்து லும்பினி சுமார் 25 கிலோமீட்டர்தான். புத்தர் பிறந்த இடம். மாயாதேவி கோயிலை ஒட்டி அசோகர் நிறுத்திய தூண் நிற்கிறது. அதில் பிராமி எழுத்தில் இருப்பதன் பொருளைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. 'புத்தர் இங்கே பிறந்தார் என்பதால் லும்பினி கிராமத்துக்கு வரியிலிருந்து விலக்கு. விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் போதும்' என்கிறது கல்வெட்டு. 2,200 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான வரிச் சலுகை அறிவிப்பு! காலையில் பைக்குக்குப் பணம் கட்டிய ரசீதை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றோம்.

மறுநாள் சித்தார்த்தா நெடுஞ்சாலை. பூட்வல் வரை சமவெளி. அதைத் தாண்டியதும் மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. சித்தபாபா கோயில் இருக்கும் பகுதியில் மேலிருந்து கல் விழும் என்பதால், நிற்காமல் போகச் சொல்கிறார்கள். பிறகு தான்சேன், ராம்தி பாலம், கீழே காளி கண்டகி ஆறு. சுனௌலியிலிருந்து போகரா சுமார் 180 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளும் பள்ளங்களும் சேர்ந்து முழுநாளை எடுத்துக்கொண்டன.

வழியெல்லாம் எங்கள் வண்டிகள் தனியாகத் தெரிந்தன. நேபாளத்தில் தனியார் வண்டிகளுக்கு சிவப்பு நம்பர் பிளேட். நடுவே எங்கள் வெள்ளை பிளேட்டைக் கண்டதும் டிராஃபிக் போலீஸ் கை காட்டுவார். சீட்டைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், "எங்கேயிருந்து?" என்பார். "தமிழ்நாடு" என்றதும் புருவம் உயரும். போகச் சொல்லிவிடுவார்.

முக்திநாத்தில் 'எந்த ஊர் தம்பி?'

போகராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதியை வாங்கிக்கொண்டு பெனி, தாதோபானி வழியாக மேலேறினோம். சாலை என்று சொல்ல முடியாத சாலை. சில இடங்களில் ஓடைத் தண்ணீர் பைக்கின் பாதி சக்கரம் வரை வந்தது. ஜோம்சோமில் மதியத்துக்கு மேல் அடிக்கும் காற்று வண்டியைச் சாய்க்கப் பார்க்கிறது. காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று நம் ஊர் பக்தர்கள் தேடிவரும் இடம் முக்திநாத். சுமார் 3,700 மீட்டர் உயரம். பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் பின்னால் தமிழ்க் குரல். கும்பகோணத்திலிருந்து குழுவாக வந்திருந்த ஒரு பாட்டி.

"டி.என். 45-னா திருச்சிதானே? இந்த வண்டியிலயா அங்கேர்ந்து வந்தீங்க?"

"கோரக்பூர் வரைக்கும் ட்ரெயின்ல ஏத்திட்டு வந்தோம் பாட்டி. அங்கேர்ந்து ஓட்டிட்டு வர்றோம்."

"அம்மா அப்பாவுக்குச் சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

நண்பன் சிரித்துக்கொண்டே அப்பாவின் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினான். பாட்டி அதை உண்மையாகவே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை" என்றார். 108 நீர்த்தாரைகளில் குளிரக் குளிர நனைந்துவிட்டு இறங்கினோம்.

அந்த போன்

ஏழாவது நாள் இரவு போகரா வந்து சேர்ந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பனுக்கு அவன் அக்காவிடமிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருச்சியில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

காத்மாண்டு போய் விமானம் பிடித்தால் டெல்லி, அங்கிருந்து திருச்சி. அவன் போனில் டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டான். பாதியில் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தான். மனிதன் எந்த எல்லையில் வந்தாலும் எந்த விமானத்திலும் போய்விடலாம். வண்டிக்கு அப்படி இல்லை. அது வந்த கணக்கு பெலஹியாவில் இருக்கிறது. எல்லைச் சுங்கத்தில் போய் முடித்தால்தான் கணக்கு தீரும். இன்னும் ஐந்து நாள் மீதம். அப்பாவுக்கு என்ன ஆகும், அவனால் எப்போது திரும்பி வர முடியும், யாருக்கும் தெரியாது.

ஏஜென்ட்டுக்கு போன் செய்தேன். "சீட்டு அவர் பேர்ல இருக்கு. ஆர்.சி. அவர் அப்பா பேர்ல இருக்கு. மூணாவது ஆள் நீங்க எடுத்துட்டு வந்தா நூறு கேள்வி வரும். அவரே வர்றதுதான் நல்லது" என்றார்.

நண்பன் சொன்னான்: "இறங்கிடலாம்டா. கோரக்பூர்லயும் ஏர்போர்ட் இருக்கு."

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். பனிமூட்டம், ஹெட்லைட் வெளிச்சம், எதிரே லாரிகள். வாலிங்கில் ஒரே ஒரு டீ. அக்காவிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மெசேஜ். அவன் நிறுத்திப் படிப்பான், தலையாட்டுவான், மறுபடி கிளம்புவான். பேசவில்லை. 11.30 மணிக்குப் பெலஹியா. சுங்க அலுவலகத்தில் சீட்டைக் காட்டிக் கணக்கை முடிக்க 20 நிமிடம்கூட ஆகவில்லை. போவதற்கு ஒன்றேகால் மணி நேரம், வருவதற்கு 20 நிமிடம்!

மதியம் கோரக்பூர். மாலை விமானத்தில் அவன் டெல்லி போய்விட்டான். வண்டி இப்போது இந்தியாவுக்குள் இருந்ததால் மற்றதெல்லாம் சுலபம். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ஆர்.சி. நகல், அடையாள அட்டை, அவன் எழுதிக் கொடுத்த கடிதம். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, சாக்கு சுற்றி, இரண்டு வண்டிகளையும் சென்னை வழியாகக் கேரளா போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் ஏற்றினேன்.

அவன் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐ.சி.யு-விலிருந்து வார்டுக்கு வந்ததும் அவர் மகனிடம் கேட்டது, "வண்டி வந்துடுச்சா?"

கிளம்பும் முன் கவனிக்க...

* ஆர்.சி. வேறு ஒருவர் பெயரில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் அவசியம். கடன் நிலுவையில் உள்ள வண்டி என்றால், கடன் கொடுத்த நிறுவனத்திடமும் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

* நம் வாகன இன்ஷூரன்ஸ் சாதாரணமாக இந்திய எல்லைக்குள்தான் செல்லும். நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு, கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியை நீட்டித்துக்கொள்ளும் வசதி உண்டு. கிளம்பும் முன் நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

* வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

* திட்டத்தைவிட மூன்று நாள் கூடுதலாகவே பன்ஸார் கட்டுங்கள். மலைச் சரிவு, உடல்நலக் குறைவு, வண்டி ரிப்பேர் எதுவும் நாள் பார்த்து வராது. கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், போகும் மாதத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

* 100 இந்திய ரூபாய் என்றால் 160 நேபாள ரூபாய். இந்த மதிப்பு நிலையானது. அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

* பூடான் போவதென்றால் ஃபுன்சோலிங் எல்லை. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம். ஆளுக்கு பெர்மிட் தனி, வண்டிக்கு பெர்மிட் தனி.

* சீட்டின் நகலைப் போனில் படம் எடுத்து வைத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். அசலைத் தண்ணீர் படாத கவரில் போட்டு உடம்போடு வைத்திருங்கள், வண்டிப் பெட்டியில் வேண்டாம்.

* திரும்பி வரும்போது இந்தியா தெரிகிற சந்தோஷத்தில், சுங்க அலுவலகத்தைத் தாண்டி வந்துவிடாதீர்கள். சுனௌலியில் அது சுலபமாக நடக்கும். கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது, உங்கள் வண்டி நேபாளத்தை விட்டு வெளியே போனதாகவே பதிவு இருக்காது.